பாலக்கும் ஜர்ஜீரும்: இரு கீரைகளின் சத்துக் கணக்கு

பாடத்தின் நோக்கம்

ஐக்கிய அரபு அமீரகத்தில் காய்கறி விற்கும் பெரும்பாலான பக்காலாக்களிலும் பேரங்காடிகளிலும் இரண்டு கீரைக் கட்டுகள் அருகருகே அடுக்கப்பட்டிருக்கும். ஒன்று, தமிழ்க் குடும்பங்கள் பருப்புடன் கடைந்து உண்ணும் பாலக் கீரை. மற்றொன்று, அரபு மக்கள் இறைச்சியுடனும் மீனுடனும் பச்சையாகவே மென்று உண்ணும் ஜர்ஜீர். முதலாவதைத் தயங்காமல் கையில் எடுப்பவர்கள், இரண்டாவதைப் பெரும்பாலும் கடந்து சென்றுவிடுகின்றனர். பாலக்கில் இரும்புச்சத்து மிகுதி, அதை உண்டால் இரத்தம் ஊறும் என்ற நம்பிக்கை தமிழரிடையே ஆழமாக வேரூன்றியுள்ளது. ஜர்ஜீரைப் பற்றி அவ்வாறு எதுவும் சொல்லப்படுவதில்லை.

இவ்விரு கீரைகளின் சத்துகளை ஒப்பிடுவது இப்பாடத்தின் முதல் நோக்கம். சத்துப் பட்டியலில் காணும் எண்ணை எவ்வாறு வாசிக்க வேண்டும் என்பதைக் கற்பது இரண்டாவது நோக்கம். இதுவே முதன்மையானது. பட்டியலில் உள்ள எண் கீரையில் இருப்பதைச் சொல்கிறது. உடலில் சேர்வதைச் சொல்வதில்லை. இந்த வேறுபாட்டை அறியாமல் ஒரு கீரையையே நாள்தோறும் உண்பவருக்கு, வளைகுடா நாடுகளின் வெப்பத்தில் நன்மைக்குப் பதிலாகத் தீங்கு நேரவும் கூடும்.

பெயர்த் தெளிவு

தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் ‘பசலை’ என்ற சொல் ஒன்றுக்கு மேற்பட்ட கீரைகளைக் குறிக்கிறது. கொடியாகப் படர்ந்து, தடித்த வழவழப்பான இலைகளைக் கொண்டது கொடிப்பசலை. இங்கே பேசப்படுவது அதுவன்று. குட்டையாக வளர்ந்து, வேர்ப்பகுதியிலிருந்து கொத்தாக இலை விடும், வட இந்தியர் ‘பாலக்’ என்றும் அரபு மக்கள் ‘ஸபானிக்’ என்றும் அழைக்கும் கீரையே இப்பாடத்தில் ‘பாலக்’ எனப்படுகிறது. கடை அட்டையில் ‘ஸ்பினச்’ என்று எழுதப்பட்டிருப்பதும் இதுவே.

ஜர்ஜீர் வேறு குடும்பத்தைச் சேர்ந்தது. கடுகு, முள்ளங்கி, முட்டைக்கோஸ் ஆகியவற்றின் உறவுக்கீரை அது. அதன் காரமான, சற்றே கசந்த சுவைக்குக் காரணம் கடுகிலும் முள்ளங்கியிலும் உள்ளவற்றைப் போன்ற கந்தகச் சேர்மங்களே. பேரங்காடிகளில் ‘ரொக்கா’, ‘அருகுலா’ என்ற பெயர்களிலும் இது விற்கப்படுகிறது. வட இந்தியாவில் தாராமிரா எண்ணெய் எடுக்கப்படும் வித்தும் இதே செடியினுடையதே. எனவே இது இந்தியாவுக்கு அந்நியமான செடி அன்று; தமிழ்ச் சமையலுக்கு மட்டுமே புதியது.

பாலக்கின் உறவு வட்டம் பீட்ரூட்டையும் தண்டுக்கீரை, முளைக்கீரை ஆகியவற்றையும் உள்ளடக்கியது. இந்தக் குடும்ப வேறுபாட்டை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னர் கூறப்படும் முக்கியமான செய்தி ஒன்று இதைச் சார்ந்தே நிற்கிறது.

இரண்டு கீரைகளும் அமீரகத்தில் குளிர்காலத்தில் திறந்த வயலிலேயே விளைகின்றன. கோடையில் இறக்குமதியும், குளிரூட்டப்பட்ட அரங்குகளில் நடைபெறும் விளைச்சலும் கைகொடுக்கின்றன. துபாயில் 2022 ஜூலையில் திறக்கப்பட்ட ‘புஸ்தானிகா’ என்னும் செங்குத்துப் பண்ணை இக்கீரை வகைகள் இரண்டையும் உள்ளரங்கில் வளர்க்கிறது. ஆகவே ஆண்டு முழுவதும் இவை கிடைப்பதில் தடை இல்லை.

100 கிராம் பச்சைக் கீரையில் உள்ளவை

கீழ்க்காணும் அளவுகள் அமெரிக்க வேளாண்மைத் துறையின் உணவுச் சத்து அட்டவணையைத் தழுவி, முழு எண்ணுக்கு அல்லது ஒரு தசம இடத்துக்குச் சுருக்கித் தரப்பட்டுள்ளன. மண், பருவம், இலையின் முதிர்ச்சி ஆகியவற்றுக்கு ஏற்ப இவை மாறுபடும்.

ஆற்றல்: பாலக் 23 கலோரி, ஜர்ஜீர் 25 கலோரி.
நீர்: பாலக் 91 கிராம், ஜர்ஜீர் 92 கிராம்.
புரதம்: பாலக் 2.9 கிராம், ஜர்ஜீர் 2.6 கிராம்.
நார்ச்சத்து: பாலக் 2.2 கிராம், ஜர்ஜீர் 1.6 கிராம்.
கால்சியம்: பாலக் 99 மில்லிகிராம்; ஜர்ஜீர் 160 மில்லிகிராம்.
இரும்பு: பாலக் 2.7 மில்லிகிராம், ஜர்ஜீர் 1.5 மில்லிகிராம்.
மக்னீசியம்: பாலக் 79 மில்லிகிராம், ஜர்ஜீர் 47 மில்லிகிராம்.
பொட்டாசியம்: பாலக் 558 மில்லிகிராம், ஜர்ஜீர் 369 மில்லிகிராம்.
வைட்டமின் சி: பாலக் 28 மில்லிகிராம், ஜர்ஜீர் 15 மில்லிகிராம்.
ஃபோலேட்: பாலக் 194 மைக்ரோகிராம், ஜர்ஜீர் 97 மைக்ரோகிராம்.
வைட்டமின் ஏ: பாலக் 469 மைக்ரோகிராம், ஜர்ஜீர் 119 மைக்ரோகிராம்.
வைட்டமின் கே: பாலக் 483 மைக்ரோகிராம், ஜர்ஜீர் 109 மைக்ரோகிராம்.

இப்பட்டியலை மேலோட்டமாக வாசிப்பவர் ஒரே முடிவுக்கு வருவார்: கால்சியம் நீங்கலாக ஏறத்தாழ எல்லாச் சத்துகளிலும் பாலக்கே முன்னிற்கிறது. அம்முடிவு பிழையன்று, ஆனால் முழுமையானதும் அன்று. ஆற்றலும் நீரும் ஏறக்குறைய சமமாக இருப்பதால், உடல் எடையைக் குறைக்க எது சிறந்தது என்ற கேள்விக்கு இங்கே இடமில்லை. மற்றவற்றை மூன்று கேள்விகளால் சோதிக்க வேண்டும். உண்ணும் அளவு எவ்வளவு? அதில் உடலில் சேர்வது எவ்வளவு? உண்பவர் யார்?

முதற்கேள்வி: உண்ணும் அளவு

பட்டியல் 100 கிராமை அடிப்படையாகக் கொள்கிறது. தட்டு அவ்வாறு கணக்கிடுவதில்லை. பாலக்கைச் சமைத்தால் அது சுருங்கிவிடும். பச்சையாக 100 கிராம் எடையுள்ள கட்டு, வெந்தபின் சில கரண்டி மசியலாகவே நிற்கும். ஆகவே ஒருவர் ஒரே வேளையில் 100 கிராம் பாலக்கை எளிதில் உண்ண முடியும். ஜர்ஜீர் பச்சையாக உண்ணப்படுவது. அதன் காரம் காரணமாக ஒருவர் ஒருவேளைக்கு 30 கிராம் அளவில், அதாவது ஒரு கைப்பிடி அளவில், நின்றுவிடுவார். அந்த 30 கிராமில் கால்சியம் 48 மில்லிகிராமும், ஃபோலேட் 29 மைக்ரோகிராமும், வைட்டமின் சி 4.5 மில்லிகிராமும் மட்டுமே உள்ளன.

மறுபுறம், சமைக்கும்போது இழப்பு நேர்கிறது. பாலக்கைக் கொதிநீரில் வேகவைத்து வடித்தபின், 100 கிராம் வெந்த கீரையில் எஞ்சும் வைட்டமின் சி சுமார் 10 மில்லிகிராம். ஃபோலேட் சுமார் 146 மைக்ரோகிராம். நீர் வற்றிக் கீரை செறிவடைந்த நிலையிலும் எண் குறைந்துள்ளதைக் கவனிக்க வேண்டும். இரும்பும் கால்சியமும் வெப்பத்தால் அழிவதில்லை. ஜர்ஜீரைப் பச்சையாக உண்பதால் அதன் வைட்டமின் சி முழுவதும் கிடைக்கிறது. ஆகவே 28-க்கும் 15-க்கும் இடையே பட்டியலில் காணும் இடைவெளி தட்டில் அவ்வளவு பெரிதாக இருப்பதில்லை.

இரண்டாம் கேள்வி: உடலில் சேரும் அளவு

கால்சியம் வரிசையே இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. பாலக்கில் ஆக்ஸலேட் என்னும் பொருள் மிகுதியாக உள்ளது. 100 கிராம் பச்சைப் பாலக்கில் சுமார் 600 முதல் 1,000 மில்லிகிராம் வரை அது அளவிடப்பட்டுள்ளது. ஆக்ஸலேட் கால்சியத்துடன் இறுகப் பிணைந்து, கரையாத உப்பாக மாறுகிறது. அவ்வாறு பிணைந்த கால்சியம் குடலைக் கடந்து வெளியேறிவிடும்.

அமெரிக்காவின் ஓமாஹா நகரில் உள்ள கிரெய்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ராபர்ட் ஹீனியும் அவருடன் பணியாற்றிய ஆய்வாளர்களும் 1988-இல் இதை அளந்து வெளியிட்டனர். பாலின் கால்சியத்தில் சுமார் 28 விழுக்காடு உடலில் சேர்ந்தபோது, பாலக்கின் கால்சியத்தில் சுமார் 5 விழுக்காடே சேர்ந்தது. 1990-இல் அவர்கள் கேல் என்னும் கீரையை ஆராய்ந்தனர். அது ஜர்ஜீரைப் போலவே கடுகுக் குடும்பத்தைச் சேர்ந்தது. ஆக்ஸலேட் மிகக் குறைந்தது. அதன் கால்சியத்தில் சுமார் 40 விழுக்காடு உடலில் சேர்ந்தது.

இந்த எண்களைக் கொண்டு கணக்கிடுக. 100 கிராம் பாலக்கில் 99 மில்லிகிராம் கால்சியம். அதில் 5 விழுக்காடு ஏறத்தாழ 5 மில்லிகிராம். ஜர்ஜீரும் ஆக்ஸலேட் குறைந்த கீரையே. கேலுக்குக் கண்ட விகிதத்தை அதற்கும் பொருத்தினால், ஒரு கைப்பிடியாகிய 30 கிராம் ஜர்ஜீரின் 48 மில்லிகிராமில் ஏறத்தாழ 19 மில்லிகிராம் உடலில் சேரும். இது துல்லியமான அளவீடு அன்று, மதிப்பீடு மட்டுமே. ஆயினும் அது காட்டும் திசை தெளிவானது: தட்டில் மூன்றில் ஒரு பங்காக வைக்கப்பட்ட கீரை, கால்சியத்தில் ஏறத்தாழ நான்கு மடங்கு தருகிறது. பெரியவர் ஒருவருக்கு நாளொன்றுக்கு 1,000 மில்லிகிராம் கால்சியம் தேவை என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020-இல் பரிந்துரைத்தது. அத்தேவையை நிறைவு செய்ய இரண்டு கீரைகளாலும் இயலாது; பாலும் தயிரும் கேழ்வரகும் சிறு மீன்களுமே அதற்கு உரியவை. எனினும் பால் அருந்தாதவர் பாலக்கைக் கால்சிய உணவாகக் கருதிவிடக் கூடாது என்பது இக்கணக்கால் உறுதியாகிறது.

இரும்புச்சத்திலும் இதே எச்சரிக்கை பொருந்தும். அக்கழகத்தின் பரிந்துரைப்படி, வயது வந்த பெண்ணுக்கு நாளொன்றுக்கு 29 மில்லிகிராமும் ஆணுக்கு 19 மில்லிகிராமும் இரும்பு வேண்டும். 100 கிராம் பாலக்கின் 2.7 மில்லிகிராம் பெண்ணின் தேவையில் பத்தில் ஒரு பங்கையும் எட்டவில்லை. தாவர உணவிலுள்ள இரும்பு, இறைச்சியிலும் மீனிலும் உள்ள இரும்பைப் போல எளிதில் உடலில் சேர்வதுமில்லை. பாலக்கின் இரும்புப் புகழ் ஒரு தசமப் புள்ளி இடம் மாறியதால் வந்தது என்ற கதை உலகெங்கும் சொல்லப்பட்டு வந்தது. அக்கதைக்கே ஆதாரம் இல்லை என்று பின்னர் கண்டறியப்பட்டது. கதை எவ்வாறாயினும், இரத்தசோகை உள்ளவர் பாலக்கை மட்டும் நம்பி மருத்துவத்தைத் தள்ளிப்போடுவது தவறு.

தாவர இரும்பை உடல் ஏற்கத் துணைபுரிவது வைட்டமின் சி, தடுப்பது தேநீர். வளைகுடாவில் உணவு முடிந்த உடனே கரக் தேநீரோ சுலைமானியோ அருந்துவது பரவலான வழக்கம். தேயிலையிலுள்ள துவர்ப்புப் பொருள்கள் இரும்பைப் பற்றிக்கொள்கின்றன. உணவுக்கும் தேநீருக்கும் இடையே குறைந்தது ஒரு மணி நேரம் விடுவதும், கீரையுடன் எலுமிச்சை, தக்காளி, கொய்யா ஆகியவற்றுள் ஒன்றைச் சேர்ப்பதும் நன்று.

மூன்றாம் கேள்வி: உண்பவர் யார்

சிறுநீரகக் கல் வந்தவர்கள்

எகிப்து, சூடான் தொடங்கி அரபுத் தீபகற்பம், ஈரான், பாகிஸ்தான், இந்தியா வழியாகத் தென்கிழக்கு ஆசியா வரை நீளும் நிலப்பரப்பை மருத்துவ நூல்கள் ‘கல் மண்டலம்’ என்று குறிப்பிடுகின்றன. சிறுநீரகக் கல் அங்கு மிகுதியாகக் காணப்படுவதே அதற்குக் காரணம். வெப்பத்தில் உடல் நீரை வியர்வையாக இழக்கிறது. சிறுநீர் குறைந்து அடர்த்தியாகிறது. அதில் கரைந்திருந்த உப்புகள் படிகமாகின்றன. உருவாகும் கற்களுள் பெரும்பாலானவை கால்சியம் ஆக்ஸலேட்டால் ஆனவை.

வெயிலில் உழைக்கும் ஒருவர், இரத்தம் ஊற வேண்டும் என்ற எண்ணத்தில் நாள்தோறும் கிண்ணம் நிறையப் பாலக் உண்டு, கழிப்பிடம் தொலைவில் இருப்பதால் நீரைக் குறைத்துக் குடித்தால், கல் உருவாகத் தேவையான இரண்டு காரணங்களையும் அவர் ஒருசேரத் தமக்குத் தேடிக்கொள்கிறார். உடல்நலமுள்ளவர் வாரம் ஓரிரு முறை பாலக் உண்பதில் அச்சம் கொள்ள வேண்டியதில்லை. முன்னரே கல் வந்தவருக்கு நிலை வேறு. ஆக்ஸலேட்டைக் கட்டுப்படுத்த வேண்டிய நோயாளிக்கு வழக்கமாக விதிக்கப்படும் நாள்வரம்பு 50 முதல் 100 மில்லிகிராம் வரை. பாலக் ஒரு கிண்ணம் அவ்வரம்பைப் பன்மடங்கு கடந்துவிடும். தண்டுக்கீரையும் முளைக்கீரையும் இவ்வகையில் பாலக்கின் பக்கமே நிற்கின்றன. ஜர்ஜீரும் முட்டைக்கோஸும் அவருக்கு ஏற்றவை.

இங்கே ஒரு தவறான நம்பிக்கையை நீக்க வேண்டும். கல்லில் கால்சியம் இருப்பதால் பாலையும் தயிரையும் விலக்க வேண்டும் என்று பலர் கருதுகின்றனர். 45,619 ஆண்களைக் கொண்டு அமெரிக்காவில் நடத்தப்பட்டு 1993-இல் வெளிவந்த ஆய்வு இதற்கு நேர்மாறானதைக் கண்டது. உணவில் கால்சியம் மிகுதியாகப் பெற்றவர்களுக்குக் கல் உருவாவது குறைவாக இருந்தது. உணவோடு சேரும் கால்சியம் குடலிலேயே ஆக்ஸலேட்டைப் பிணைத்து வெளியேற்றிவிடுவதே அதற்குரிய விளக்கம். ஆகவே கீரையுடன் தயிரோ மோரோ சேர்த்து உண்பது பொருளற்ற பழக்கம் அன்று. குறைக்க வேண்டியது உப்பே. ஊறுகாய், அப்பளம், கருவாடு ஆகியவற்றின் மிகுதியான உப்பு சிறுநீரில் கால்சியத்தைக் கூட்டுகிறது.

கல் வந்தவர்கள் நாளொன்றுக்கு 2.5 லிட்டர் சிறுநீர் கழியும் அளவுக்கு நீர் அருந்த வேண்டும் என்பது மருத்துவ வழிகாட்டுதல். வெயிலில் உழைப்பவர் குடிக்க வேண்டிய நீர் அதைவிட மிகுதி. சிறுநீர் வெளிர் நிறமாக இருப்பதே எளிய அடையாளம். அமீரகத்தில் 2005 முதல் கோடைக்கால நண்பகல் பணித்தடை நடைமுறையில் உள்ளது. தற்போதைய விதிப்படி ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை பிற்பகல் 12.30 முதல் 3.00 மணி வரை நேரடி வெயிலில் திறந்தவெளிப் பணி கூடாது. நிழலிடமும் குடிநீரும் தருவது பணியமர்த்துபவரின் கடமை, சலுகை அன்று. மீறல்களை மனிதவள, அமீரகமயமாக்கல் அமைச்சகத்தின் 600590000 என்ற எண்ணில் தெரிவிக்கலாம்.

கருவுற்ற பெண்களும் கருவுறத் திட்டமிடுவோரும்

ஃபோலேட் குறைபாடு கருவிலுள்ள குழந்தையின் முதுகுத்தண்டு, மூளை ஆகியவற்றின் உருவாக்கத்தைப் பாதிக்கும். இவ்வகையில் பாலக் ஜர்ஜீரைவிட இருமடங்கு சிறந்தது. எனினும் கீரை மாத்திரைக்கு மாற்றாகாது. கருவுற முயலும் காலம் தொடங்கிக் கருவின் 12-ஆம் வாரம் வரை நாளொன்றுக்கு 400 மைக்ரோகிராம் ஃபோலிக் அமில மாத்திரையை உலகச் சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கிறது. உணவால் மட்டும் இத்தேவையை நிறைவு செய்வது எளிதன்று என்பதை உணர்ந்தே ஓமான் அரசு 1996-இல் கோதுமை மாவில் இரும்பையும் ஃபோலிக் அமிலத்தையும் சேர்க்கத் தொடங்கியது. அதன்பின் அந்நாட்டில் முதுகுத்தண்டுப் பிளவுடன் பிறக்கும் குழந்தைகள் குறைந்தனர்.

இரத்த உறைவு மருந்து உட்கொள்வோர்

வார்ஃபரின் என்னும் மருந்தை உட்கொள்வோருக்கு வைட்டமின் கே முக்கியமானது. அது மருந்தின் செயலைக் குறைக்கும். பாலக்கில் அது ஜர்ஜீரைவிட நான்கு மடங்குக்கும் மேல். இவர்கள் கீரையை அறவே விலக்க வேண்டியதில்லை. வாரந்தோறும் ஒரே சீரான அளவில் உண்பதே வேண்டுவது. ஒரு வாரம் நாள்தோறும் உண்டு, அடுத்த வாரம் முற்றிலும் நிறுத்துவது ஆபத்தானது. ஊரிலிருந்து உறவினர் வந்து சமைக்கத் தொடங்கும்போதும், விடுமுறையில் ஊருக்குச் செல்லும்போதும் உணவு மாறும் என்பதை மருத்துவரிடம் முன்கூட்டியே கூற வேண்டும்.

சிறுநீரகச் செயல் குன்றியவர்கள்

இவர்களின் இரத்தத்தில் பொட்டாசியம் மிகுதியாகத் தேங்கக்கூடும். பாலக்கில் 558 மில்லிகிராமும் ஜர்ஜீரில் 369 மில்லிகிராமும் இருப்பதால், எதை எவ்வளவு உண்ணலாம் என்பதை மருத்துவரே முடிவு செய்ய வேண்டும். கீரைச் சாற்றைப் பச்சையாக அரைத்துக் குடிப்பது இவர்களுக்கும் கல் வந்தவர்களுக்கும் உகந்ததன்று.

சமைக்கும் முறை

கொதிநீரில் வேகவைத்து நீரை வடித்தால், கீரைகளில் கரையும் ஆக்ஸலேட்டில் 30 முதல் 87 விழுக்காடு வரை நீங்குகிறது என்று 2005-இல் வெளிவந்த ஆய்வு காட்டியது. ஆவியில் வேகவைப்பது அவ்வளவு பயன் தருவதில்லை. தமிழ் வீடுகளில் பாலக்கைப் பருப்புடன் சேர்த்தே வேகவைத்து, நீரையும் கடைசல் அல்லது கூட்டில் சேர்த்துவிடுவது வழக்கம். அம்முறையில் ஆக்ஸலேட் முழுவதும் உணவிலேயே தங்கிவிடும். கல் வந்த வரலாறு உடையவர் இருக்கும் வீட்டில், எப்போதாவது பாலக் சமைப்பதாயின், கீரையைத் தனியே மிகுந்த நீரில் வேகவைத்து வடித்து, பின்னர் பருப்பில் சேர்க்க வேண்டும். அவ்வாறு செய்யும்போது ஃபோலேட்டும் வைட்டமின் சியும் ஓரளவு வெளியேறும். ஆகவே அத்தகைய வரலாறு இல்லாத வீட்டில் வடிக்க வேண்டியதில்லை. ஒரே அறையில் பலருக்காகப் பொதுச் சமையல் செய்வோர், உண்பவர்களுள் யாருக்கேனும் கல் வந்ததுண்டா என்று கேட்டறிவது நன்று.

ஜர்ஜீரைத் தமிழ் உணவில் சேர்ப்பது கடினமன்று. பொடியாக நறுக்கி, வெங்காயமும் எலுமிச்சைச் சாறும் கலந்து சோற்றுடன் தொட்டுக்கொள்ளலாம். தயிர்ப்பச்சடியில் சேர்த்தால் காரம் தணியும். புதினா, கொத்தமல்லிக்குப் பதிலாகத் துவையல் அரைக்கலாம். பருப்பை இறக்கிய பின் கடைசியாகத் தூவிக் கிளறினால், அதன் கசப்பு குறைந்து பச்சை நிறமும் மாறாமல் இருக்கும்.

கழுவுதலும் பாதுகாத்தலும்

பச்சையாக உண்ணப்படும் கீரைக்குத் தூய்மை இருமடங்கு தேவை. கட்டைப் பிரித்து, வேர்முனையை வெட்டி, அழுகிய இலைகளை நீக்கி, அகன்ற பாத்திரத்து நீரில் அலச வேண்டும். பின்னர் நீரைக் கவிழ்க்காமல் இலைகளைக் கையால் மேலே அள்ளி எடுக்க வேண்டும். அப்போதுதான் மணல் அடியிலேயே தங்கும். மணல் தென்படாத வரை இதை மீண்டும் செய்து, இறுதியில் ஓடும் குழாய் நீரில் கழுவ வேண்டும். சவர்க்காரமோ பாத்திரம் துலக்கும் திரவமோ பயன்படுத்தக் கூடாது.

இவ்விரு கீரைகளிலும் நைட்ரேட் இயல்பாகவே மிகுதி. ஐரோப்பிய ஒன்றியம் 2011-இல் வகுத்த வரம்பு, புதிய பாலக்கிற்குக் கிலோவுக்கு 3,500 மில்லிகிராம். ஜர்ஜீர் வகைக்கு அறுவடைக் காலத்தைப் பொறுத்து 6,000 அல்லது 7,000 மில்லிகிராம். பெரியவர்களுக்கு வழக்கமான அளவில் இது தீங்கு செய்வதில்லை. ஆனால் சமைத்த கீரை வெளியே கிடந்தால், நுண்ணுயிர்கள் நைட்ரேட்டை நைட்ரைட்டாக மாற்றுகின்றன. அது சிறு குழந்தைகளின் இரத்தம் உயிர்வளியைச் சுமக்கும் திறனைக் குறைக்கக்கூடும். அதிகாலையில் சமைத்த கீரையைத் தூக்குப் பாத்திரத்தில் அடைத்து நண்பகல் வரை வெயிலில் வைப்பது பெரியவர்களுக்கும் பாதுகாப்பானதன்று. 5 பாகை முதல் 60 பாகை செல்சியஸ் வரையிலான வெப்பநிலையில் நுண்ணுயிர்கள் விரைந்து பெருகும். சமைத்த உணவு அறையில் இரண்டு மணி நேரத்துக்கு மேலும், 32 பாகையைக் கடந்த வெப்பத்தில் ஒரு மணி நேரத்துக்கு மேலும் வெளியே இருக்கக் கூடாது. குளிர்பெட்டி வசதி இல்லாத பணியிடத்திற்குக் கீரையைக் கொண்டு செல்லாமல், அதை இரவு உணவுக்கு வைத்துக்கொள்வதே முறை.

மருத்துவ உதவி பெற வேண்டிய நேரம்

இடுப்பின் பின்புறத்தில் தொடங்கி அடிவயிற்றுக்கு இறங்கும் கடும் வலி, சிறுநீரில் இரத்தம், வலியுடன் காய்ச்சல் அல்லது குளிர் நடுக்கம், சிறுநீர் வராமை ஆகியவற்றுள் எது நேர்ந்தாலும் வீட்டு வைத்தியத்தில் நேரத்தைக் கழிக்கக் கூடாது. காய்ச்சலுடன் கூடிய கல்வலி அவசர நிலை ஆகும். அமீரகத்தில் அவசர ஊர்தியை அழைக்க வேண்டிய எண் 998. அபுதாபியிலும் துபாயிலும் முன்னரே கட்டாயமாக இருந்த மருத்துவக் காப்பீடு, 2025 ஜனவரி 1 முதல் ஷார்ஜா, அஜ்மான், உம் அல் குவைன், ராஸ் அல் கைமா, ஃபுஜைரா ஆகியவற்றின் தனியார் துறைப் பணியாளர்களுக்கும் வீட்டுப் பணியாளர்களுக்கும் விரிவாக்கப்பட்டது. வதிவிட அனுமதி பெறும்போதும் புதுப்பிக்கும்போதும் பணியமர்த்துபவரே இதற்கு வழி செய்ய வேண்டும்.

தொகுப்புரை

வைட்டமின் ஏ, ஃபோலேட், மக்னீசியம் ஆகியவற்றுக்குப் பாலக் சிறந்தது. உடலில் சேரும் கால்சியத்துக்கும், சமைக்காமல் உண்ணும் வசதிக்கும், சிறுநீரகக் கல் வந்தவரின் பாதுகாப்புக்கும் ஜர்ஜீர் சிறந்தது. இரும்புக்கு இரண்டையுமே முழுமையாக நம்பியிருக்க முடியாது. உடல்நலமுள்ளவர் இரண்டையும் மாற்றி மாற்றி உண்பதே நல்லது. கிழங்குகள் நீங்கலாகக் காய்கறியும் பழமும் சேர்த்து நாளொன்றுக்குக் குறைந்தது 400 கிராம் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் அளவுகோல். ஒரு கட்டுக் கீரை அதன் ஒரு பகுதியே.

பயிற்சி வினாக்கள்

1. பட்டியலில் பாலக்கின் கால்சியம் 99 மில்லிகிராம். உடலில் சேர்வது ஏன் சுமார் 5 மில்லிகிராம் மட்டுமே?
விடை: ஆக்ஸலேட் கால்சியத்துடன் பிணைந்து கரையாத உப்பாக மாறுவதால்.

2. சிறுநீரகக் கல் வந்த ஒருவர் பாலை நிறுத்திவிட்டு, பாலக் கடைசலைத் தொடர்ந்து உண்கிறார். இதில் உள்ள பிழைகள் எவை?
விடை: குறைக்க வேண்டியது பாலக், நிறுத்தத் தேவையற்றது பால். கடைசலில் வேகவைத்த நீர் வடிக்கப்படாததும் பிழையே.

3. இரத்தசோகை உள்ள பெண் ஒருவர் கீரை உணவு முடிந்தவுடன் சுலைமானி அருந்துகிறார். அவருக்குக் கூற வேண்டியது யாது?
விடை: தேநீரை ஒரு மணி நேரமாவது தள்ளிவைத்து, உணவில் எலுமிச்சையைச் சேர்த்து, மருத்துவர் தந்த மாத்திரையைத் தொடர்தல்.

4. வார்ஃபரின் உட்கொள்பவர் கீரையை முற்றிலும் விலக்க வேண்டுமா?
விடை: வேண்டியதில்லை, அளவு வாரந்தோறும் சீராக இருத்தல் வேண்டும்.

இப்பாடம் பொது அறிவுக்கானது. மருத்துவரின் நேரடி ஆலோசனைக்கு மாற்றாகாது. நோய்க்கு மருந்து உட்கொள்வோர் உணவில் மாற்றம் செய்வதற்கு முன் தம் மருத்துவரைக் கலந்தாலோசிக்க வேண்டும்.